பள்ளித் தவணை நீண்டது. விடுபட்ட பாடம் திரும்பி வந்ததா?

கோலாலம்பூர்: இவ்வாண்டு ஜனவரி 11ஆம் தேதி கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களிலும், மறுநாள் மற்ற மாநிலங்களிலும் புதிய பள்ளித் தவணை தொடங்கியது. ஜனவரியில் பள்ளி திறப்பதெல்லாம் ஒரு செய்தியா என்று மூத்தவர்கள் கேட்கலாம். அவர்கள் காலத்தில் புத்தாண்டும் புதுப்பையும் புதுச்சட்டையும் ஒன்றாகத்தான் வந்தன. ஆனால், நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளும் ஜனவரியில் வகுப்பறைக்குள் நுழைந்தது இதற்கு முன் 2020இல்தான். நடுவில் ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன.

அந்த ஆறு ஆண்டுகளில் ஒரு முழு ஆரம்பப்பள்ளிப் பருவமே முடிந்துவிட்டது. 2020 ஜனவரியில் முதலாம் ஆண்டில் காலடி வைத்த பிள்ளைகள் இந்த ஜனவரியில் இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்திற்கு வந்துள்ளனர். பெருந்தொற்றில் விடுபட்ட நாட்களை ஈடுகட்டப் பள்ளி ஆண்டு முன்னும் பின்னும் இழுக்கப்பட்டதை அடி முதல் நுனி வரை அனுபவித்தவர்கள் இவர்கள். எனவே, பள்ளி ஆண்டை நீட்டியதால் என்ன கிடைத்தது, யாருக்குக் கிடைத்தது என்று கணக்குப் பார்க்க இதுவே பொருத்தமான நேரம். வெள்ளம், புகைமூட்டம் என்று பள்ளிக் கதவை மூட அடுத்த காரணம் எப்போதும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

நீட்டிய நாட்களே மூடிய நாட்களான கதை

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது பள்ளிகள் ஏற்கெனவே ஒரு வார விடுமுறையில் இருந்தன. ஒரு வாரத்தில் திரும்பலாம் என்று பையை மூலையில் வைத்த பிள்ளைகள், பல மாதங்கள் கழித்துத்தான் அதைத் தூக்கினர். ஐந்தாம், ஆறாம் படிவ மாணவர்களுக்கு ஜூன் 24இல் பள்ளி திறந்தது. மற்ற வகுப்புகளுக்கு ஜூலையில் படிப்படியாகத் திறந்தது. கடைசியாக அழைக்கப்பட்டவர்கள் முதலாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரையிலான பிள்ளைகள். அவர்களுக்கு ஜூலை 22 ஆகிவிட்டது. தேர்வு எழுதுபவர்கள் முதலில், எழுத்துக் கூட்டப் பழகுபவர்கள் கடைசியில் என்ற வரிசை அன்று பலருக்கும் இயல்பாகவே பட்டது. இன்று திரும்பிப் பார்த்தால் அந்த வரிசையைப் பற்றி இரண்டாம் முறை யோசிக்கத் தோன்றுகிறது.

விடுபட்ட நாட்களை ஈடுசெய்யக் கல்வியமைச்சு ஆண்டிறுதி விடுமுறையை 42 நாளிலிருந்து 14 நாளாகக் குறைத்தது. நவம்பர் 20 வாக்கில் முடிய வேண்டிய பள்ளி, டிசம்பர் 18 வரை நீண்டது. ஏறக்குறைய நான்கு வாரங்கள் கூடுதலாகக் கிடைத்ததாகக் காகிதத்தில் தெரிந்தது.

நடந்தது வேறு. அக்டோபர் 14 முதல் சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா பள்ளிகள் மூடப்பட்டன. நவம்பர் 9 முதல் நாடு முழுவதும் பள்ளிகள் மூடப்பட்டு, தவணை முடியும்வரை திறக்கவே இல்லை. ஈடுகட்டுவதற்கென்று சேர்த்த நான்கு வாரமும் வீட்டிலேயே கழிந்தது. சிலாங்கூரில் அவ்வாண்டு முதலாம் ஆண்டில் இருந்த ஒரு பிள்ளை, ஜனவரி தொடக்கம் முதல் மார்ச் நடுப்பகுதி வரையும், ஜூலை பிற்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையும் மட்டுமே ஆசிரியரை நேரில் கண்டது. இரண்டையும் கூட்டினால் ஐந்து மாதம்தான். நாட்காட்டியில் மட்டும் அது முழு ஆண்டு. சொல்லப்போனால், வழக்கத்தைவிட நீண்ட ஆண்டு.

அடுத்த ஆண்டும் அப்படித்தான் தொடங்கியது. 2021ஆம் ஆண்டுத் தவணை ஜனவரி 20க்குத் தள்ளிப்போனது. அன்றும் தேர்வு வகுப்புகளுக்கு மட்டுமே கதவு திறந்தது. முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் மார்ச் முதல் தேதிதான் பள்ளிக்கு வந்தனர். மே மாதத்தில் மீண்டும் மூடல். அக்டோபர் தொடங்கிச் சுழற்சி முறையில், பாதிப் பிள்ளைகள் ஒரு வாரம், மீதிப் பிள்ளைகள் மறுவாரம் என்று வகுப்புகள் நடந்தன. இம்முறை அமைச்சு தவணையை 2022 பிப்ரவரி வரை நீட்டியது. அடுத்த தவணை மார்ச் 20, 21ஆம் தேதிகளில் தொடங்கியது.

இரண்டு நீட்டிப்புகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முதலாவது கிட்டத்தட்ட வீணானது. இரண்டாவது அப்படியல்ல. 2022 ஜனவரி, பிப்ரவரியில் பள்ளிகள் உண்மையிலேயே திறந்திருந்தன; பிள்ளைகள் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தனர். அந்த வாரங்களில் எழுத்துக் கூட்டப் பழகிய பிள்ளைகள் இருக்கத்தான் செய்வர். ஆனால், அந்த வாரங்களின் விலையை நாடு நான்கு ஆண்டுகள் செலுத்தியது.

ஒன்று, மூன்று, ஐந்து வாரம்

மார்ச்சுக்குத் தள்ளிப்போன தவணையை ஒரேயடியாக ஜனவரிக்கு இழுக்க முடியாது. இழுத்தால் ஓர் ஆண்டின் பாடம் நொறுங்கும். எனவே, அது மெதுவாக நகர்ந்தது. 2023இல் பள்ளி மார்ச் 19இல் தொடங்கியது. 2024இல் மார்ச் 10. 2025இல் பிப்ரவரி 16. இவ்வாண்டு ஜனவரி 11. (இவை கெடா, கிளந்தான், திரங்கானு அடங்கிய ‘ஏ’ பிரிவின் தேதிகள், மற்றவர்களுக்கு மறுநாள்.) வாரக் கணக்கில் பார்த்தால் முதலில் ஒரு வாரம், பிறகு மூன்று வாரம், கடைசியில் ஐந்து வாரம் குறைந்தது. ஒரு தவணை தொடங்கி அடுத்த தவணை தொடங்கும்வரை வழக்கமாக உள்ள 52 வாரத்திற்குப் பதில், கடந்த தவணைக்குக் கிடைத்தவை 47 வாரம்தான்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், 2021இல் கடனாக வாங்கிய வாரங்களைத்தான் 2023க்கும் 2025க்கும் இடையில் திருப்பிக் கட்டியிருக்கிறோம் என்று எந்தப் பெற்றோரும் சொல்லிவிடலாம். கட்டியவர்களில் பலர், வாங்கிய அதே பிள்ளைகள். இரண்டாம் ஆண்டில் நீட்டிக் கொடுத்ததை ஐந்தாம், ஆறாம் ஆண்டில் நெருக்கி எடுத்துக்கொண்டது போல ஆயிற்று.

இதில் தேர்வெழுதிய மூத்த பிள்ளைகளின் கதையையும் சேர்க்க வேண்டும். 2020ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். 2021 பிப்ரவரியில் தொடங்கியது. 2021க்கானது 2022 மார்ச்சில் நடந்தது. 2022க்கானது 2023 பிப்ரவரியில். 2023க்கானது 2024 ஜனவரி இறுதியில். 2024க்கானது 2025 ஜனவரியில். 2025க்கான தேர்வு மட்டுமே பழையபடி அதே ஆண்டின் நவம்பரில் வந்தது. தேர்வு தள்ளினால் முடிவு தள்ளும். முடிவு தள்ளினால் ஆறாம் படிவமும் மெட்ரிகுலேஷனும் பாலிடெக்னிக்கும் தள்ளும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது கொஞ்சம் கூடுதல் ஓய்வு. தோட்டத்து வீட்டில் எஸ்.பி.எம். முடித்த பையன் அப்படிச் சும்மா இருப்பதில்லை. தொழிற்சாலையில் ‘ஓட்டி’யோடு கிடைக்கும் முதல் சம்பளம், ஜொகூர் என்றால் பாலம் கடந்து கிடைக்கும் சிங்கப்பூர் வெள்ளி, இவற்றைக் கையில் பார்த்தபிறகு கல்லூரிப் பாரம் நிரப்ப மனம் வருவது குறைவு. நாட்காட்டியை ஓர் அலுவலகத்தில் மாற்றுகிறார்கள். அதன் விளைவு எந்த வீட்டில் எப்படி இறங்குகிறது என்பது அந்த வீட்டைப் பொறுத்தது.

விடுபட்டது நாள் மட்டுமா?

பள்ளி மூடியிருந்த காலத்தில் கற்பித்தல் நின்றுவிடவில்லை, இல்லிருப்புக் கற்றல் நடந்தது என்பது அதிகாரப்பூர்வக் கணக்கு. அதில் பொய்யில்லை. நள்ளிரவுவரை புலனத்தில் வந்த படங்களைத் திருத்திய தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஏராளம். பயிற்றித் தாள்களை அச்சிட்டு, மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் உண்டு.

ஆனால், 2020 தொடக்கத்தில் கல்வியமைச்சே எடுத்த ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரிய வந்தது. திறன்பேசி வைத்திருந்தவர்கள் 46 விழுக்காடு அளவில்தான். மடிக்கணினி பத்துப் பேரில் ஒருவரிடம்கூட இல்லை. 2021ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி தரும் ‘செர்டிக்’ திட்டம் அறிவிக்கப்பட்டது. அது நல்ல முயற்சி. ஆயினும், ஏறக்குறைய ஐம்பது லட்சம் மாணவர்கள் உள்ள நாட்டில் அதன் அளவு அவ்வளவுதான்.

திறன்பேசி ‘இருக்கிறது’ என்று கணக்கில் வந்த வீடுகளிலும் அது அப்பாவின் பேசியாகத்தான் இருந்தது. காலையில் அவரோடு செம்பனைக் காட்டுக்கோ தொழிற்சாலைக்கோ போய்விடும். மாலை ஆறு மணிக்கு மேல் வந்தால், மூன்று பிள்ளைகள் அதைச் சுற்றி உட்காருவர். மூத்தது ஐந்தாம் படிவம் என்றால், முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு முறை வருவதற்குள் கண் சொக்கிவிடும். பட்டணத்தில் வைஃபை உள்ள வீட்டில் அதே நாள் ‘பள்ளி நாளாக’க் கழிந்தது. விடுபட்ட நாட்களின் எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றே. விடுபட்ட பாடத்தின் அளவு ஒன்றல்ல.

தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டில் என்ன நடக்கிறது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு அங்கே மூன்று மொழிகள் ஒரே நேரத்தில் அறிமுகமாகின்றன. தமிழில் 247 எழுத்து. அவற்றில் 216 உயிர்மெய். க, கா, கி, கீ என்று குறியீடு எந்தப் பக்கம் போகிறது, கொம்பு முன்னால் வருகிறதா, கால் பின்னால் வருகிறதா, ‘கு’வுக்கு ஒரு வடிவம், ‘சு’வுக்கு இன்னொரு வடிவம், ‘து’வுக்கு மற்றொரு வடிவம் ஏன் என்பதெல்லாம் கையைப் பிடித்து எழுத வைத்தால்தான் படியும். ‘ல’, ‘ள’, ‘ழ’ மூன்றையும் ஆசிரியரின் நாக்கு எங்கே போகிறது என்று பார்த்துத்தான் பிள்ளை பழகும். ‘ண’வுக்கு எத்தனை சுழி, ‘ன’வுக்கு எத்தனை சுழி என்பதைப் புலனத்தில் வந்த மங்கலான படத்தில் எண்ணிப் பார்க்க முடியாது. எழுதிய எழுத்தைப் படம் பிடித்து அனுப்பினால் விடை சரியா தவறா என்று தெரியும். எழுதுகோல் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பது தெரியாது. முதலாம் ஆண்டு ஆசிரியருக்கு அதுதான் முக்கியம்.

மலாயும் ஆங்கிலமும் இன்னொரு வகை. தேசியப்பள்ளிக்குப் போகும் மலாய்ப் பிள்ளைக்குப் பள்ளி மூடினாலும் வீட்டில் மலாய் இருக்கும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளில் பலருக்கு, குறிப்பாகத் தோட்டத்திலும் தமிழர் திரண்டு வாழும் குடியிருப்பிலும் வளரும் பிள்ளைகளுக்கு, மலாய்மொழியைக் காதால் கேட்டு வாயால் பேசும் இடம் பள்ளிதான். ஒரு நாள் பள்ளி மூடினால் ஒரு நாள் மொழியும் மூடிப்போகிறது. அந்தப் பிள்ளைகள்தான் இப்போது எல்லாப் பாடத்தையும் மலாயில் படிக்கும் முதலாம் படிவத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு யு.பி.எஸ்.ஆர். தேர்வும் இல்லை, 2021இல் அது அகற்றப்பட்டுவிட்டது. எங்கே பின்தங்கியிருக்கிறார்கள் என்று வெளியாருக்குக் காட்டும் கண்ணாடி அதோடு போயிற்று. தேர்வு போனது நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம்.

மலாய்மொழியில் போதிய அடைவு இல்லாமல் ஆரம்பப்பள்ளியை முடிக்கும் தமிழ், சீனப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புகுமுக வகுப்பு என்று ஓர் ஆண்டைக் கூட்டும் ஏற்பாடு நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஒரு வகையில் அதுவும் பள்ளி ஆண்டை நீட்டுவதுதான். வாரக் கணக்கில் இல்லாமல் முழு ஆண்டாக நீட்டுவது. அதன் அனுபவம் சமூகத்திற்குத் தெரியும். நல்ல ஆசிரியர் வாய்த்த புகுமுக வகுப்பில் ஏறி வந்தவர்கள் உண்டு. வகுப்பில் உட்கார வைத்ததோடு சரி என்று விட்ட இடங்களில், இடைநிலைப்பள்ளியைப் பாதியில் விட்டவர்களும் உண்டு. இரு தரப்பாருக்கும் கிடைத்தது அதே ஓர் ஆண்டுதான்.

வேறு நாடுகளில் கண்டது

2005ஆம் ஆண்டு அக்டோபரில் பாகிஸ்தானின் வடபகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அங்கே பள்ளிகள் சராசரியாக 14 வாரம் மூடியிருந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகளைச் சோதித்தனர். 14 வாரம் இழந்தவர்கள் 14 வாரம் பின்தங்கியிருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பர். அவர்களோ ஒன்றரை முதல் இரண்டு வகுப்பு அளவுக்குப் பின்தங்கியிருந்தனர். பள்ளி திறந்ததும் பாடம் விட்ட இடத்திலிருந்து தொடராமல், நாட்காட்டிப்படி அடுத்த பாடத்திற்குத் தாவியதே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அடிப்படை புரியாத பிள்ளைக்கு மேற்கொண்டு நடத்தியதும் புரியவில்லை. இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு அகன்றது. ஆரம்பக் கல்வியாவது பெற்ற தாயின் பிள்ளைகளிடம் இந்தப் பின்னடைவு காணப்படவில்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இருந்த பிள்ளை தப்பித்தது.

இதற்கு எதிர்ப்பக்கம் போல் ஒரு பழைய அனுபவம் ஜெர்மனியில் உண்டு. 1966, 1967இல் மேற்கு ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்கள் பள்ளி ஆண்டின் தொடக்கத்தை இளவேனிலிலிருந்து இலையுதிர் காலத்திற்கு மாற்றின. நாம் மார்ச்சிலிருந்து ஜனவரிக்கு வந்ததைப் போன்ற மாற்றந்தான். அதற்காக இரண்டு பள்ளி ஆண்டுகளைத் தலா 24 வாரமாகச் சுருக்கினர். அதே வகுப்பில் மீண்டும் படித்தவர்கள் கூடினர். உயர்தரப் பள்ளிகளுக்குப் போனவர்கள் குறைந்தனர். ஆனால், அப்பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனபோது அவர்களின் வருமானத்தில் பாதிப்பு எதுவும் தெரியவில்லை என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கண்டனர். அங்கே நாட்கள் குறையும் என்று முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும். ஆசிரியர்கள் முக்கியமான பாடங்களை அதற்கேற்ப நடத்த முடிந்தது. பாகிஸ்தானில் இடி விழுந்தது போல விழுந்தது.

சனிக்கிழமை ‘கந்தி’யும் வேன் கட்டணமும்

பெருந்தொற்று ஆயிரத்தில் ஒன்று, அதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்று சிலர் சொல்லலாம். ஆனால், நாட்கள் விடுபடுவது இந்த நாட்டில் அரிதான விஷயமில்லை. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது பாசீர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் புகைமூட்டத்தால் பல மாநிலங்களில் பள்ளிகள் அடைபட்டன. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 200ஐத் தாண்டினால் பள்ளியை மூட வேண்டும் என்பது இப்போதைய நடைமுறை. 2021 டிசம்பரில் ஷா ஆலம், ஸ்ரீ மூடா வட்டாரத்தில் வந்த வெள்ளத்தைச் சிலாங்கூர்த் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிழக்குக்கரைக்கோ ஆண்டுதோறும் நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை இருக்கிறது.

இத்தகைய சில நாள் இழப்புக்கு முழு நாட்டுத் தவணையையும் யாரும் நீட்டுவதில்லை. சனிக்கிழமை பள்ளி வைத்து ஈடுகட்டுவர். பெற்றோர் வாயில் அது ‘கந்தி ஸ்கூல்’. திருவிழாவை ஒட்டிக் கூடுதலாக எடுத்த விடுமுறைக்கும் அப்படித்தான். பள்ளி ஆண்டுக்குக் குறைந்தது 190 நாள் என்ற விதி இருப்பதால், எண்ணிக்கையைக் காப்பாற்றுவது தலைமையாசிரியரின் கடமை. அவரைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால், கந்தி நாளன்று காலையில் தோட்டத்துப் பிள்ளை எப்படிப் பள்ளிக்கு வருகிறது? பல தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்கு இடம் மாறிவிட்டன. தோட்டத்திலேயே இருக்கும் பள்ளிக்கும் பிள்ளைகள் சுற்றுவட்டாரத்திலிருந்து வேனில்தான் வருகின்றனர். வேன் கட்டணம் மாதக் கணக்கு. அது திங்கள் முதல் வெள்ளி வரைக்கானது. சனிக்கிழமை ஒரு பள்ளி மட்டும் திறந்து, பக்கத்து இடைநிலைப்பள்ளி திறக்கவில்லை என்றால், ஐந்தாறு பிள்ளைகளுக்காக வேன் எடுப்பது ஓட்டுநருக்குக் கட்டாது. அப்பா ஆறு நாள் வேலைக்காரர். சனிக்கிழமை அவரும் வீட்டில் இல்லை. அம்மா ‘ஷிப்ட்’ முடிந்து அப்போதுதான் படுத்திருப்பார். விளைவு, பள்ளிக்குப் பக்கத்தில் இருப்பவர்களும் கார் உள்ளவர்களும் வருகின்றனர். வராதவர்களில் பெரும்பாலோர் யாருக்கு அந்த நாள் அதிகம் தேவையோ அவர்கள். பாதி வகுப்புதான் இருக்கிறது என்பதால் ஆசிரியர் புதுப்பாடம் தொடங்க முடியாது. மீள்பார்வை, வண்ணம் தீட்டுதல், திடலில் சிறிது நேரம் என்று நாள் கழியும். பதிவேட்டில் ஒரு நாள் ஏறிவிடும்.

ஜொகூரில் 2024 இறுதிவரை வெள்ளி, சனிதான் வார விடுமுறை. தனியார் துறையில் பலருக்கு ஞாயிறு விடுமுறை. பிள்ளைக்கோ ஞாயிறு பள்ளி. அப்பாவும் பிள்ளையும் ஒன்றாக வீட்டில் இருக்க எஞ்சிய நாளையும் சில வாரங்களில் கந்தி எடுத்துக்கொண்டது. கடந்த ஆண்டு முதல் அங்கே சனி, ஞாயிறு ஆகிவிட்டது. கெடாவில் இன்னும் பழைய முறைதான். கெடாவின் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் இதை ஒவ்வோர் ஆண்டும் சமாளிக்கின்றன.

ஆசிரியர்களின் நிலையையும் சொல்ல வேண்டும். வடக்கிலிருந்து தெற்கே பணிக்குப் போய், வார இறுதியில் குடும்பத்தைப் பார்க்க ஆறேழு மணி நேரம் பயணம் செய்யும் தமிழாசிரியர்கள் குறைவில்லை. கந்தி நாள் அவர்களுக்கும் ஒரு வாரக் குடும்பத்தை விழுங்குகிறது.

சிறிய பள்ளியின் வசதி

அப்படியானால் விடுபட்டது விடுபட்டதுதானா? இல்லை. 2024ஆம் ஆண்டுத் தவணையில் முதலாம் ஆண்டு மாணவர்களில் ஏறக்குறைய 1 லட்சத்து 22 ஆயிரம் பேர் வாசிப்பு, எழுத்து, எண்ணிக்கை ஆகிய அடிப்படைத் திறன்களில் பின்தங்கியிருப்பதாகக் கல்வியமைச்சர் ஃபட்லினா சிடேக்கின் அமைச்சு தெரிவித்தது. அவர்கள் பெருந்தொற்றுக் காலத்தில் பாலர்பள்ளி வயதில் இருந்தவர்கள். இம்முறை அமைச்சு தவணையை நீட்டவில்லை. பின்தங்கியவர்கள் யார் என்று சோதித்துக் கண்டறிந்து, அவர்களுக்கு மட்டும் தனிக் கவனம் கொடுக்கும் இடையீட்டுத் திட்டத்தை எடுத்தது. அந்த எண்ணிக்கையில் ஒரு பகுதியினர் அதே ஆண்டில் தேறினர். 2020இல் பிள்ளைகள் திரும்பி வந்த முதல் வாரத்திலேயே இதைச் செய்திருக்கலாம் என்று சொல்வது இப்போது எளிது. ஆனால், அடுத்த மூடலுக்குப் பிறகு இதைச் செய்யாமல் போனால் அதற்குச் சாக்கு இருக்காது.

தமிழ்ப்பள்ளிகளுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. நாட்டிலுள்ள ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் கணிசமானவை 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகள். முப்பதுக்கும் குறைவாக உள்ள பள்ளிகளும் உண்டு. அங்கே இரு வகுப்புகளைச் சேர்த்துத்தான் பாடம் நடக்கிறது. இதை எப்போதும் ஒரு குறையாகவே பேசி வருகிறோம், மூடப்படுமோ என்ற அச்சத்தோடு. விடுபட்ட பாடத்தைப் பிடிக்கும் விஷயத்தில் மட்டும் அது பலம். எட்டுப் பேர் உள்ள வகுப்பில் யார் ‘கெ’க்கும் ‘கே’க்கும் வேறுபாடு தெரியாமல் தடுமாறுகிறார் என்று கண்டுபிடிக்க ஆசிரியருக்கு ஒரு காலைப்பொழுது போதும். குறைநீக்கல் ஆசிரியர் இருந்தால், வாரத்தில் நான்கு நாள் அரைமணி நேரம் அந்த இரண்டு பேரோடு உட்கார்ந்தால், நான்கு சனிக்கிழமையில் கிடைக்காதது கிடைக்கும். அந்த அரைமணி பள்ளி நேரத்திற்குள்ளேயே இருப்பதால் வேனும் காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்குத் தடையாக இருப்பது பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி. 47 வாரத்தில் 52 வாரப் பாடத்தை முடிக்கச் சொன்னால், ஆசிரியர் முன்னால்தான் ஓடுவார். பின்னால் திரும்பி இரண்டு பேருக்காக நிற்க மாட்டார். 2027இல் புதிய பாடத்திட்டம் வருகிறது. அதில் ஒவ்வோர் ஆண்டுக்கும் எவ்வளவு பாடம் என்று வகுக்கும்போது, ஆண்டுக்குச் சில நாட்கள் வெள்ளத்திற்கும் புகைக்கும் வெப்பத்திற்கும் போய்விடும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்தால், நாட்காட்டியை நீட்டும் தேவையே பாதி குறையும். எந்தப் பாடத்தை விட்டாலும் பரவாயில்லை, எதை விடவே கூடாது என்று ஆசிரியர் கையில் தெளிவான பட்டியல் இருந்தால், மீதிப் பாதியும் எளிதாகும்.

இப்போது முதலாம் படிவத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் புதிய பாடத்திட்டம் உதவப்போவதில்லை. அவர்களைப் பொறுத்தவரை முதல் சில மாதங்கள்தான் முக்கியம். மலாயில் நடத்தும் வரலாற்றுப் பாடம் புரியாமல் பின்வரிசைக்கு நகரும் பிள்ளை, அடுத்த ஆண்டு பள்ளிக்கு மட்டம் போடத் தொடங்கும். இடைநிலைப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களுக்குத் தமிழ்ப் பெற்றோர் அதிகம் போவதில்லை என்ற பழைய குறை இந்த ஆண்டாவது கொஞ்சம் மாறலாம். போனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா, வராவிட்டால் வாரத்தில் எந்த நாளில் யார் அவனோடு உட்காருகிறார்?

தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டுக் கூட்டங்களில் இவ்வாண்டுக்கான கந்தி நாட்கள் வாசிக்கப்படும்போது, அந்தச் சனிக்கிழமைகளில் வேன் ஓடுமா என்பதையும் அங்கேயே கேட்டு முடித்துவிடுவது நல்லது. பருவமழைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன.